நான்கு பேர் சேர்ந்து கார்டு கேம் உருவாக்கும்போது வேலையை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து நால்வர் ஆடும் கார்டு கேம் ஒன்றை உருவாக்குகிறோம். ஆளுக்கு 20 கார்டு எழுதினோம். சேர்த்து ஆடிப் பார்த்தால் விதிகள் ஒன்றோடொன்று மோதுகின்றன; இரண்டு மணி நேரமாகியும் ஆட்டம் முடிவதில்லை. எங்கிருந்து சரிசெய்வது?

பதில்: கார்டுகளைப் பங்கு போட்டதில்தான் சிக்கல். அவரவர் கார்டு எடுப்பாக இருக்க வேண்டும் என்று ஆளாளுக்கு அதன் பலத்தைக் கூட்டியிருப்பீர்கள். ஒரே செயலுக்கு "எடு", "இழு", "கையில் சேர்" என மூன்று சொல்லும் வந்திருக்கும்.

கார்டுகளுக்குப் பதில் பொறுப்புகளைப் பிரியுங்கள். விதிகளுக்கு ஒருவர், கார்டுகளின் எண்ணிக்கைக்கும் பலத்துக்கும் ஒருவர், சோதனை ஆட்டங்களுக்கு ஒருவர், படத்துக்கும் அச்சுக்கும் ஒருவர். யோசனை யாரும் சொல்லலாம். விதியில் கருத்து வேறுபட்டால் விதிப் பொறுப்பாளர் சொல்வதே முடிவு. வாக்கெடுப்பு வேண்டாம், எல்லோரையும் திருப்திப்படுத்தப் போனால் விதி நீண்டுகொண்டே போகும்.

எல்லாக் கார்டும் ஒரே விரிதாளில் (ஸ்ப்ரெட்ஷீட்) இருக்கட்டும். கார்டுக்கு ஒரு வரி: எண், பெயர், விலை (அதை ஆட ஆட்டத்தில் கொடுக்க வேண்டியது), செயல், சீட்டுக்கட்டில் எத்தனை பிரதி, கடைசியாக மாற்றிய தேதி. செயல்சொற்களைப் பத்துக்குள் முடிவுசெய்து அந்தத் தாளின் தலையிலேயே எழுதுங்கள். அந்தப் பட்டியலில் இல்லாத சொல் எந்தக் கார்டிலும் வரக்கூடாது.

பிறகு 80 கார்டை 54 ஆகக் குறையுங்கள். பல அச்சகங்கள் ஒரு தாளில் 54 அல்லது 55 கார்டு அடிப்பதால் செலவுக்கும் இது தோது. பலத்தைக் கணிக்கும்போது பிரதி எண்ணிக்கையை மறக்காதீர்கள். 54 கார்டு கட்டில் ஐந்து கார்டு கையில் வாங்கினால், ஒரே பிரதி உள்ள கார்டு முதல் கையிலேயே வர 9% வாய்ப்பு. இரண்டு பிரதி என்றால் 18%, நான்கு என்றால் 33%. அதிபலமான கார்டை நான்கு பிரதி வைத்தால் ஆட்டம் அதைச் சுற்றியே நடக்கும்.

ஆட்டம் நீள்வதற்குக் கட்டாய முடிவு இல்லாததே பெரும்பாலும் காரணம். கட்டு தீர்ந்ததும் ஆட்டம் முடியும் என்று வையுங்கள். நால்வருக்கு ஐந்தைந்து போட்டால் 34 கார்டு மீதி. முறைக்கு ஒன்று எடுத்தால் 34 முறை. முறைக்கு 45 விநாடி என்றால் சுமார் 25 நிமிடம். கழித்த கார்டுகளைக் கட்டுக்குத் திருப்பும் கார்டு ஏதேனும் இருந்தால் இந்தக் கணக்கு குலைந்துவிடும். உங்கள் 80-இல் அப்படிப்பட்டவற்றை முதலில் தேடி நீக்குங்கள்.

விதி நிலைக்கும்வரை படம் வரையாதீர்கள். ஆசையாக வரைந்த கார்டை நீக்க எவருக்கும் மனம் வராது. ஏ4 தாளில் 63×88 மி.மீ. அளவில் ஒன்பது கார்டு கறுப்பு வெள்ளையில் அடித்து, வெட்டி, பழைய சீட்டோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் செருகினால் போதும். திருத்தங்களைப் பேனாவால் எழுதலாம்.

ஒரு சோதனைச் சுற்றுக்கு ஒரு மாற்றம் மட்டும். இரண்டை மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. நீங்கள் நால்வரும் நன்றாக ஆடுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், விதி உங்களுக்கு மனப்பாடம். புதியவர்களிடம் விதித்தாளை மட்டும் கொடுத்துவிட்டு வாய் திறக்காமல் பாருங்கள். எந்த வரியில் நின்றார்கள், என்ன கேட்டார்கள் என்பதை அவர்கள் சொற்களிலேயே குறியுங்கள். அவர்கள் சொல்லும் தீர்வைவிட, தடுமாறிய இடமே பயன்படும்.

அச்சுக்கு அனுப்பும்போது நான்கு பக்கமும் வெட்டுக்கோட்டுக்கு வெளியே 3 மி.மீ. கூடுதல் பின்னணி விட்டு, எழுத்துகளை அந்தக் கோட்டிலிருந்து 3 மி.மீ. உள்ளே தள்ளி வையுங்கள்.