தாழ்த்திய காருக்கு அகல வீல்: வாசகர் கேள்வி பதில்

பாளையங்கோட்டை வாசகர்: அண்ணாச்சி, என் ஸ்விஃப்ட்டை லோயரிங் ஸ்பிரிங் போட்டு 35 மி.மீ. இறக்கியிருக்கிறேன். கம்பெனி டயர் 185/65 ஆர்15. இப்போது 17 இஞ்ச், 7 ஜே அகலம், ஆஃப்செட் 35 உள்ள அலாய் பார்த்து வைத்திருக்கிறேன். 205/45 ஆர்17 டயரோடு மாட்டலாமா? வீல் வெளியே நிறைவாக வந்து நிற்க வேண்டும்.

பதில்: அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டீர்களே, நல்லது. டயரின் உயரத்தில் சிக்கல் இல்லை. கம்பெனி டயரின் விட்டம் சுமார் 621 மி.மீ., நீங்கள் சொல்லும் டயருக்கு 616. ஸ்பீடோமீட்டரில் ஒரு சதவீதம்கூட மாறாது. இடிக்கப் போவது அகலமும் ஆஃப்செட்டும்தான். ஜே என்பது இஞ்சில் ரிம்மின் அகலம். ஆஃப்செட் என்பது ஹப்பில் (வீல் மாட்டும் மையப் பகுதி) படியும் முகம் வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பது.

உங்கள் பழைய வீலைக் கழற்றி உள்முகத்தைப் பாருங்கள், அகலமும் ஆஃப்செட்டும் அங்கே எழுதியிருக்கும். 5.5 ஜே, 45 என்று வைத்துக் கணக்குப் போடுவோம். புது ரிம் 1.5 இஞ்ச் அகலம் கூடுதல், அதாவது 38 மி.மீ. அதில் பாதி, 19 மி.மீ., வெளியே வரும். மறுபாதி உள்ளே போகும். ஆஃப்செட் 10 குறைவதால் வீல் முழுவதும் 10 மி.மீ. வெளியே தள்ளும். ஆக ரிம்மின் வெளி விளிம்பு 29 மி.மீ. வெளியே, உள் விளிம்பு 9 மி.மீ. உள்ளே. டயரின் அகலம் 20 மி.மீ.தான் கூடுவதால் டயரின் பக்கவாட்டு வயிறு வெளியே வருவது சுமார் 20 மி.மீ. ரிம்முக்கு இதுவரை டயர் தந்த மறைவு இனி குறைந்துவிடும். நடைபாதைக் கல் ஓரம் நிறுத்தும்போது முதலில் சிராய்ப்பது அலாய்தான்.

அடுத்து, காரைச் சமதரையில் நிறுத்திப் பின்சீட்டில் இரண்டு பேரை உட்கார வையுங்கள். ஒரு நூலில் நட்டைக் கட்டி, ஃபெண்டர் (சக்கரத்துக்கு மேலுள்ள பாடித் தகடு) விளிம்பிலிருந்து வீலின் நடுவுக்கு நேராகத் தொங்கவிடுங்கள். நூலுக்கும் டயர் வயிற்றுக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளங்கள். 20 மி.மீ.க்குக் கீழே இருந்தால் புது டயர் பாடிக்கு வெளியே துருத்தும். உள்பக்கம் டயருக்கும் ஸ்ட்ரட்டுக்கும் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்) நடுவில், புது வீல் மாட்டிய பிறகும் குறைந்தது 5 மி.மீ. மிஞ்ச வேண்டும்.

பலர் கவனிக்காத ஒன்று: காரை இறக்கியதால் சக்கரம் ஏறக்கூடிய உச்சி மாறுவதில்லை. அதைத் தீர்மானிப்பது பம்ப் ஸ்டாப்பர், சக்கரம் அதற்குமேல் ஏறாமல் தடுக்கும் கட்டை. அதை வெட்டாதவரை உச்சி அதே இடம்தான். ஆனால் சக்கரம் அந்த உச்சியை இனி அடிக்கடி தொடும். நின்ற நிலையில் விரல் நுழைகிறது என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். ஸ்பிரிங் முழுக்க அமுங்கிய நிலையில் இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

என் பரிந்துரை 16 இஞ்ச், 6.5 ஜே, ஆஃப்செட் 40, டயர் 195/55 ஆர்16. விட்டம் 621, கம்பெனி அளவேதான். ரிம் வெளியே 18 மி.மீ. வரும், பார்வைக்கு நிறைவாகவே நிற்கும். டயரின் பக்கச்சுவர் 107 மி.மீ. இருக்கும், 17 இஞ்சில் அது 92 தான். ஐப்பசி மழை விட்டதும் சாலைப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும்போது ஆழம் தெரியாது. அந்த 15 மி.மீ. ரப்பர்தான் ரிம் வளையாமல் காக்கும். 17 தான் வேண்டுமென்றால் டயரின் சுமை எண்ணைப் பார்த்து வாங்குங்கள். 84 என்றால் ஒரு டயர் தாங்குவது 500 கிலோ, 88 என்றால் 560. பழைய டயரின் எண்ணுக்குக் கீழே போகவே கூடாது.

அம்பாசமுத்திரம் வாசகர்: அகல வீல் மாட்டிவிட்டேன். தனியாகப் போனால் சத்தமில்லை. குடும்பத்தோடு போனால் வேகத்தடையில் பின்னால் 'சர்ர்' என்கிறது. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் முன்னாலும் உரசுகிறது. ஃபெண்டரை வெட்டிவிடலாமா?

பதில்: வெட்டவே வெட்டாதீர்கள். பெரும்பாலான கார்களில் பின் ஃபெண்டரின் வெளித்தகடும் உள்தகடும் ஸ்பாட் வெல்டிங்கில் சேருவது அந்த உள்மடிப்பில்தான். அதை வெட்டினால் இணைப்பு பிளந்து தண்ணீர் இறங்கும், உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும்.

முதலில் உரசும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். ஃபெண்டரின் உள்மடிப்பிலும் பிளாஸ்டிக் லைனரிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டயரின் தோளில் சாக்பீஸ் தேய்த்துக்கொள்ளுங்கள். 10 செ.மீ. உயரமுள்ள இரண்டு உறுதியான மரக்கட்டைகள் மேல் ஒரு முன் சக்கரத்தையும் அதற்கு எதிர்மூலைப் பின் சக்கரத்தையும் ஏற்றுங்கள். உள்ளே நான்கு பேர் இருக்கட்டும். ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடியுங்கள். பிறகு மூலையை மாற்றி அதையே செய்யுங்கள். சாக்பீஸ் பட்ட இடம், டேப் கிழிந்த இடம் எல்லாம் தெரிந்துவிடும். யாரும் காருக்கு அடியில் போகக் கூடாது.

லைனரில் உரசினால், அதை ஹீட் கன்னால் இளக்கி உள்ளே அழுத்தினாலே போதும். பம்பரும் ஃபெண்டரும் சேரும் முனையில் ஒரு ஸ்க்ரூ துருத்திக்கொண்டிருக்கும், அதையும் பாருங்கள். டயரைக் கோடு போட்டாற்போல் கீறுவது பல நேரம் அதுதான். ஃபெண்டர் மடிப்பில் என்றால், ஹப்பில் மாட்டும் ஃபெண்டர் ரோலர் வைத்திருக்கும் பட்டறையில் மடிப்பை உள்ளே படிய வைக்கச் சொல்லுங்கள். தகட்டில் கை வைக்க முடியாத சூடு வரும்வரை ஹீட் கன் காட்டி, கொஞ்சம் கொஞ்சமாக, பல தடவை உருட்ட வேண்டும். சூடு குறைந்தால் பெயிண்ட் வெடிக்கும். அவசரப்பட்டால் ஃபெண்டர் வெளியே அலை அலையாக உப்பும். முடிந்ததும் மடிப்பு நெடுக சீலரும் துருத்தடுப்பு பிரைமரும் அடிக்க வேண்டும். உவரி, கூடங்குளம் பக்கம் ஓடும் வண்டிக்கு உப்புக்காற்று படும், இதை விட்டுவிடவே கூடாது.

வள்ளியூர் வாசகர்: நாலுவழிச் சாலையில் 90-ஐத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. இரண்டு தடவை பேலன்ஸிங் செய்தும் போகவில்லை. என்னுடையதும் ஸ்விஃப்ட், கடை அலாய்.

பதில்: ஹப் ரிங், அதாவது ஹப்புக்கும் வீலின் நடுத்துளைக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் வளையம், இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஹப்பின் விட்டம் 54.1 மி.மீ. கடை அலாய்கள் பல கார்களுக்கும் பொருந்த வேண்டும் என்பதற்காக நடுத்துளையை 67.1, 73.1 என்று பெரிதாக வைத்து வருகின்றன. நடுவில் ரிங் இல்லையென்றால் வீலை மையத்தில் பிடிக்க நட்டைத் தவிர வேறொன்றுமில்லை. பேலன்ஸிங் மெஷின் நடுத்துளையைக் கோனில் பிடித்துச் சுற்றுவதால் அங்கே எல்லாம் சரியாகத்தான் காட்டும். வெளி விட்டம் உங்கள் அலாய்க்கும் உள் விட்டம் 54.1-க்கும் பொருந்தும் ரிங் நான்கு வாங்குங்கள். ஹப்பில் உள்ள துருவைக் கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

நட்டையும் பாருங்கள். சுஸுகிக்கு எம்12 (12 மி.மீ. விட்டம்), மரை இடைவெளி 1.25 மி.மீ. ஹூண்டாய்க்கும் ஹோண்டாவுக்கும் 1.5. மாற்றுக் காரின் நட்டை இம்பாக்ட் கன்னில் வைத்து ஏற்றினால் ஸ்டட்டின் (ஹப்பில் நட்டு ஏறும் போல்ட்) மரை போய்விடும். சக்கரம் தரையில் படாமல் இருக்கும்போதே நான்கையும் கையால் ஏற்றி, எதிர் எதிராக முறுக்கி, இறக்கியபின் டார்க் ரெஞ்சில் காரின் கையேடு சொல்லும் அளவுக்கு முடியுங்கள். எம்12 நட்டுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். 50-லிருந்து 100 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி சரிபாருங்கள். நீங்கள் திருநெல்வேலி வந்து திரும்பினால் அந்தத் தூரம் ஆகிவிடும்.

தென்காசி வாசகர்: 10 மி.மீ. ஸ்பேசர் போடலாமா?

பதில்: ஸ்பேசர் என்பது வீலை வெளியே தள்ள ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் தகடு. கம்பெனி ஸ்டட்டோடு அது வேண்டாம். நட்டு குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவு மரையில் ஏற வேண்டும். எம்12, 1.25 மரைக்கு முழுதாகப் பத்துச் சுற்று. 10 மி.மீ. தகடு எட்டுச் சுற்றைத் தின்றுவிடும். நீள ஸ்டட் அடித்து, ஹப்பில் கவ்வும் ஸ்பேசரும் போட்டால் சரி. அதைவிடச் சரியான ஆஃப்செட்டில் வீலே வாங்குவது நிம்மதி.

மேலப்பாளையம் வாசகர்: தாழ்த்திய பிறகு முன்டயர் உள் ஓரம் மட்டும் கம்பி தெரியத் தேய்ந்துவிட்டது. கேம்பர்தானே காரணம்?

பதில்: எல்லோரும் கேம்பரைத்தான், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருப்பதைத்தான், சொல்வார்கள். கெடுப்பது பெரும்பாலும் டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. வண்டி தாழ்ந்ததும், ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் கோணம் மாறி டோ இடம் பெயரும். தேயாத இடத்தில் டயர் முகத்தைக் குறுக்கே கையால் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் இருந்தால் டோ. இரு திசையிலும் வழுவழுப்பாக, உள்ளே மட்டும் சரிந்திருந்தால் கேம்பர்.

ஸ்பிரிங் போட்டு ஒரு வாரம் ஓட்டி, அது படிந்தபின் அலைன்மென்ட் செய்யுங்கள். அதற்கு முன் லோயர் ஆர்ம் புஷ் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்கும்போது இறுக்கச் சொல்லுங்கள். தூக்கிய நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் எப்போதும் முறுகியே இருந்து சீக்கிரம் கிழியும். ஸ்ட்ரட்டின் மேல் போல்ட்டுக்குப் பதிலாகக் கேம்பர் போல்ட் போட்டால் சுமார் ஒரு டிகிரி திருத்தலாம். பின்பக்கம் டார்ஷன் பீம் (இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒற்றைக் குறுக்குச் சட்டம்) என்றால் ஷிம் தகடு வைத்துத்தான் மாற்ற முடியும். கம்பி தெரிகிற டயரில் இனி ஒரு நாளும் ஓட்டாதீர்கள். சட்டப்படி குறைந்தது 1.6 மி.மீ. பட்டன் இருக்க வேண்டும்.

நாங்குநேரி வாசகர்: போலீஸ், இன்ஷூரன்ஸ் தொல்லை வருமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ஐ வைத்து, தயாரிப்பாளரின் மூல வடிவமைப்பை மாற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. பாடிக்கு வெளியே டயர் துருத்துவது எவர் கண்ணிலும் முதலில் படும். வீல் மாற்றுவதற்கு முன் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து, பதிலை எழுத்திலேயே வாங்கி வையுங்கள். கம்பெனி வீல் நான்கையும் விற்றுவிடாதீர்கள்.