மனைவி சரியாகச் சாப்பிட மாட்டேன் என்கிறார், எப்படிச் சாப்பிட வைப்பது?

கேள்வியின் சுருக்கம்: மனைவிக்கு வயது 38. ஹீமோகுளோபின் 9.6. மீன், முட்டை, கீரை எதைச் சொன்னாலும் “எனக்கு வேண்டாம், நீங்க தின்னுங்க” என்கிறார். கட்டன் சாயாவும் (பால் சேர்க்காத தேநீர்) மரச்சீனியுமே (மரவள்ளிக்கிழங்கு) அவருக்குப் போதும். வீடு கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறைப் பக்கம்.

அவருக்கு மீன் பிடிக்கவில்லையா, அல்லது அவர் உட்காரும்போது சட்டியில் மீன் இருப்பதில்லையா? இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மூன்று நாள் வாயைத் திறக்காமல் கவனித்தால் போதும். காலையில் எழுந்ததிலிருந்து முதல் வாய் சாப்பாடு எத்தனை மணிக்கு? மதியம் எல்லாரும் எழுந்த பிறகு சட்டியில் எத்தனை துண்டு மிச்சம்? நம் பக்கத்து வீடுகள் பலவற்றில் விடை ஒன்றுதான்: சாறு இருக்கும், துண்டு இருக்காது. பிள்ளைகள் விட்ட சோறு, காலையில் அவித்த மரச்சீனி, மேலே ஒரு சாயா. “வேண்டாம்” என்பதைப் பிடிவாதம் என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அநேகமாக அது, இல்லாத ஒன்றைக் கேட்டுச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று பழகிப்போன சொல்.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு விஷயம். கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழே போனால் ரத்தசோகை, 8 முதல் 10.9 வரை நடுத்தர அளவு. 9.6-ஐக் கீரையை மட்டும் வைத்து மேலே கொண்டுவர முடியாது. முருங்கையிலையை மந்திரம் போலப் பேசுகிறவர்களை நம்பி மாதங்களைக் கழிக்காதீர்கள். மருத்துவரிடம் போய் முழு ரத்தப் பரிசோதனை, ஃபெரிட்டின் (உடம்பிலுள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), வைட்டமின் பி12 மூன்றையும் கேளுங்கள். மாதவிடாயில் எத்தனை நாள் போகிறது, மூலத்தில் ரத்தம் உண்டா, குடல்பூச்சிக்கு மருந்து எப்போது எடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். ரத்தம் ஒரு பக்கம் போய்க்கொண்டே இருந்தால் எதைத் தின்றும் பயனில்லை.

இரும்பு மாத்திரை தந்தால் பாதியில் நிறுத்துவதற்கு இரண்டு காரணங்கள்: மலம் கறுத்துப் போகும், மலச்சிக்கல் வரும். கறுப்பது இயல்பு என்று முதல் நாளே அவரிடம் சொல்லிவிடுங்கள். சிக்கல் தாங்க முடியாவிட்டால் ஒருநாள் விட்டு ஒருநாள் தரலாமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். பாலோ கால்சியம் மாத்திரையோ இதிலிருந்து இரண்டு மணி நேரமாவது தள்ளி. தைராய்டு மாத்திரை என்றால் நான்கு மணி நேரம்.

இனி சாயா. சாப்பாட்டோடு குடிக்கும் தேயிலை, காய்கறி பயறிலுள்ள இரும்பு உடம்பில் சேர்வதைப் பாதிக்கும் மேல் குறைத்துவிடும். கட்டனானாலும் பால் சாயாவானாலும் இதே கதைதான். ஆனால் “சாயாவை நிறுத்து” என்றால் அன்றே தோற்றீர்கள். அவருக்கு அந்த வீட்டில் நிம்மதியாகக் கிடைக்கும் ஒரே பத்து நிமிடம் அதுவாகக்கூட இருக்கும். நேரத்தை மட்டும் நகர்த்துங்கள்: 11 மணிக்கு ஒன்று, மாலை நாலரைக்கு ஒன்று. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும். அந்தச் சாயாவை நீங்கள் போட்டுக் கொடுத்தால் நேரம் தானாக நிலைக்கும்.

மரச்சீனியையும் விரட்ட வேண்டாம். 100 கிராமில் புரதம் ஒரு கிராம் அளவுக்குத்தான், இரும்பும் மிகக் குறைவு. வயிறு நிறையும், வேறெதற்கும் இடமிருக்காது. குறை கிழங்கில் இல்லை, தனியாகத் தின்பதில்தான். மூன்று துண்டு கிழங்கோடு நாலு சாளை (மத்தி மீன்) வைத்தால் அதுவே நல்ல சாப்பாடு. மீனிலுள்ள இரும்பு எளிதாகச் சேரும், கூட இருக்கும் பயறு, கீரையின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும். நெத்தோலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் கிடைக்கும். கிழங்கு அவித்த தண்ணீரை மட்டும் வழக்கம்போல வடித்துக் கொட்டிவிடுங்கள்.

பரிமாறுவதில்தான் பாதி வேலை இருக்கிறது. மீன்கறி இறக்கியதும், மேசைக்குப் போகும் முன்பே, அவருடைய துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் எடுத்து மூடி வையுங்கள். கடைசியில் “நீயும் தின்னு” என்று சொல்வது உபசாரம். சட்டி காலியான பிறகு அதற்கு அர்த்தமில்லை. “சோறு போட்டாச்சு, வா” என்று அவர் தட்டிலும் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். முதல் வாரம் அந்தத் துண்டைப் பிள்ளை தட்டில் தள்ளிவிடுவார், நிச்சயம். அதற்குப் பேச்சு வேண்டாம், சந்தையில் கால் கிலோ கூட்டி வாங்குங்கள். எல்லாருக்கும் போக மிஞ்சும் என்று கண்ணால் கண்டால்தான் கை நிற்கும்.

காலைதான் கஷ்டம். அடுப்படியில் நிற்கிறவருக்கு உட்கார நேரமில்லை, எனவே அந்த ஒரு வேளையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு 50 கிராம் சிறுபயறு, அதாவது ஒரு பெரிய கைப்பிடி, ராத்திரியே ஊறப் போடுங்கள். காலையில் குக்கரில் இரண்டு விசில். தேங்காய், சீரகம், பூண்டு, பச்சை மிளகாயை ஒன்றிரண்டாகச் சதைத்து, கடுகு தாளித்துப் பிரட்டி, இறக்கிய பிறகு அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். அடுப்பில் இருக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி வெந்து போகும், இரும்பைச் சேர்க்க அதுதான் வேண்டும். கஞ்சிக்கும் புட்டுக்கும் இது சேரும். கூட ஒரு அவித்த முட்டை, தண்ணீர் கொதித்து பத்து நிமிடம். ஆளுக்குப் புரதம் 17, 18 கிராம் இதிலேயே வந்துவிடும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஒருநாள் தேவை சுமார் 46.

ஜூன், ஜூலையில் மேற்குக் கடலில் விசைப்படகுத் தடை, மீன் விலை ஏறும். அப்போது கருவாட்டுக்கு ஓடாமல் முட்டையையும் பயறையும் கூட்டுங்கள், கருவாட்டில் உப்பு அதிகம். ஆடியில் முருங்கையிலை ஆகாது என்று சொல்லும் வீடானால் அதற்கும் தகராறு வேண்டாம், அந்த மாதம் பயறு போதும். மற்ற மாதங்களில் முருங்கையிலைத் துவரனை (தேங்காய் போட்ட பொரியல்) இரும்புச் சட்டியில் வதக்கலாம், கொஞ்சம் இரும்பு கூடும். புளி விட்ட மீன்கறி மட்டும் மண்சட்டியிலேயே இருக்கட்டும். இரும்பில் வைத்தால் கறுத்து, சுவை கெட்டு, “இதுக்குத்தான் வேண்டாம்னேன்” என்று கேட்க வேண்டிவரும்.

டப்பாவில் வரும் சத்துமாவு வாங்கி நீட்டாதீர்கள். அடுத்த வீட்டுக்காரியோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளைகள் முன்னால் அவர் தட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம்.

நாலு வாரம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் ஒரு புள்ளியாவது (9.6 என்பது 10.6 ஆக) ஏறவில்லை என்றால் மருத்துவரிடம் காரணத்தைத் தேடச் சொல்லுங்கள். 12-ஐத் தொட்டதும் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது, உடம்பில் இரும்புச் சேமிப்பு நிறைய மேலும் மூன்று மாதம் ஆகும்.