முதல் டபுள்ஸ்: பின்னால் இருப்பவரிடம் பேசிவிட்டுக் கிளம்புங்கள்

சேலத்தில் பெண்களுக்கும் புதிதாக வண்டி எடுப்பவர்களுக்கும் டூவீலர் ஓட்டக் கற்றுத்தரும் நம் அக்கா, இந்த இதழில் ஒரே விஷயத்தைப் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்: முதன்முறையாக ஒருவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டுவது.

அக்கா, எனக்கு 19 வயது. லைசென்ஸ் புதிதாக வாங்கியிருக்கிறேன். அப்பாவின் 100 சிசி பைக்கைத் தனியாக நன்றாகவே ஓட்டுகிறேன். அடுத்த வாரம் அம்மாவை ஒரு கல்யாணத்துக்கு அழைத்துப் போக வேண்டும். அம்மா சேலை கட்டி ஒருபக்கமாகத்தான் உட்காருவார். என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும்?
– கல்லூரி மாணவர், நாமக்கல்

தம்பி, உங்கள் முதல் டபுள்ஸ் அம்மாவோடு வேண்டாம். வண்டி ஓட்டத் தெரிந்த நண்பன் ஒருவனைக் கூப்பிடுங்கள். காலையில் ஆள் இல்லாத பள்ளி மைதானத்துக்குப் போய், அவனைப் பின்னால் உட்கார வைத்துக் கிளம்புவது, நிறுத்துவது, மெதுவாக வளைத்துத் திருப்புவது, இந்த மூன்றையும் சலிக்கும்வரை செய்யுங்கள். அவனுக்கும் வண்டி ஓட்டத் தெரியும் என்பதால் எங்கே இழுக்கிறது, எங்கே தூக்கிப் போடுகிறது என்று சொல்லிவிடுவான். அம்மா சொல்ல மாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஆள் ஏறியதும் வண்டி வேறு வண்டி ஆகிவிடும். கூடுகிற எடையில் பெரும்பங்கு பின் சக்கரத்தின் மேல்தான் இறங்குகிறது. ஹேண்டில்பார் லேசாகிவிட்ட மாதிரி தெரியும். கிளட்சை எப்போதும் விடுகிற இடத்தில் விட்டால் வண்டி திணறும் அல்லது குதிக்கும். நிற்பதற்கு வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் வேண்டும். அதனால் பிரேக்கை முன்கூட்டியே, இரண்டையும் சேர்த்து, மெல்ல மெல்ல அழுத்துங்கள். பின்னால் எடை இருப்பதால் பின் பிரேக் தனியாக ஓட்டும்போது இருப்பதைவிட நன்றாகவே பிடிக்கும். அதற்காக முன் பிரேக்கை மறந்துவிடக் கூடாது. அப்போதும் அதிகம் நிறுத்துவது அதுதான்.

கிளம்பும் முன் காற்று பாருங்கள். செயின் கவர் பக்கத்திலோ, வண்டியோடு வந்த புத்தகத்திலோ டயர் காற்றுக்கு இரண்டு கணக்கு போட்டிருப்பார்கள்: தனியாகப் போனால் இவ்வளவு, ஆளோடு போனால் இவ்வளவு. உதாரணத்துக்கு பல்சர் 150-ல் பின் டயருக்குத் தனியாக 28, ஆளோடு 32. உங்கள் வண்டிக்கு என்ன எண் என்று பார்த்து அதைப் பிடியுங்கள். டயர் சூடாவதற்கு முன் பிடிப்பதுதான் சரியான கணக்கு. பின் ஷாக் அப்சார்பரில் படிப்படியாகத் திருகும் வளையம் இருக்கும். டூல்கிட்டில் இருக்கும் கொக்கி ஸ்பானரைப் போட்டு இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஒன்றிரண்டு படி ஏற்றுங்கள். அம்மா உட்கார்ந்த பிறகு கண்ணாடிகளை மறுபடி சரிசெய்யுங்கள். வண்டியின் பின்பக்கம் அமுங்குவதால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டிகளுக்குப் பதில் ரோடுதான் அதிகம் தெரியும். ராத்திரி திரும்புவதாக இருந்தால் ஹெட்லைட்டையும் பாருங்கள். வெளிச்சம் மேலே தூக்கி எதிரில் வருபவர் கண்ணில் அடிக்கும்.

இனி சேலை. என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காருவதுதான் பாதுகாப்பு. சுடிதார் போடும் பெண்களிடம் இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ஆனால் உங்கள் அம்மாவை ஒரே வாரத்தில் மாற்ற முடியாது, சரி. அப்படியானால் இடது பக்கம் சாரி கார்டு ஒழுங்காக இருக்கிறதா என்று உட்கார்ந்து, கையால் ஆட்டிப் பாருங்கள். சக்கரத்தில் துணி சிக்காமல் தடுப்பு இருக்க வேண்டும், பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடியும் கால் வைக்க ஃபுட்ரெஸ்டும் இருக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதி 123 சொல்கிறது. அழகுக்காக இதைக் கழற்றிவிட்டு ஓட்டுகிற பையன்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

ஏறும்போது வண்டி சைடு ஸ்டாண்டில் இருக்கக் கூடாது. நீங்கள் உட்கார்ந்து, வண்டியை நேராக்கி, இரண்டு காலையும் ஊன்றி, முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு "ஏறுங்கம்மா" என்று சொல்ல வேண்டும். அவர் உட்காரும் நொடியில் எடை முழுவதும் இடது பக்கம் சாயும். உங்கள் இடது கால் அதற்குத் தயாராக இருக்கட்டும். உட்கார்ந்ததும் முந்தானையை முன்னால் கொண்டுவந்து இடுப்பில் செருகச் சொல்லுங்கள். கொசுவ மடிப்பின் ஓரம் ஃபுட்ரெஸ்டுக்குக் கீழே தொங்குகிறதா என்று நீங்களே திரும்பிப் பாருங்கள். வலது கை உங்கள் தோளில், இடது கை பின் கம்பியில். ஒருபக்கமாக உட்காருபவருக்குக் காலால் அழுத்திச் சமாளிக்க இடம் கிடையாது. வெடுக்கென்று கிளம்பினால் பின்பக்கம் சரிந்துவிடுவார்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. முன்னால் வரும் வேகத்தடை உங்களுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிவது உங்கள் முதுகு மட்டும்தான். "அம்மா, ஸ்பீட் பிரேக்கர் வருது", "பள்ளம்", "பஸ் நிக்குது, பிரேக் போடப் போறேன்" என்று வழி நெடுக வாயால் சொல்லிக்கொண்டே போங்கள். வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறைத்து முடித்துவிட்டு, அதன்மேல் ஏறும்போது பிரேக்கை விட்டுவிட வேண்டும்.

எல்.எல்.ஆர். போட்டிருக்கிறேன். தங்கையை டியூஷனில் விட்டு வரலாமா?
– வாசகர், ஆத்தூர்

கூடாது. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் பைக்கில் பின்னால் ஏற்றலாம் என்றால் அது கற்றுத்தருவதற்காக உட்காரும், லைசென்ஸ் உள்ள ஒருவரை மட்டும்தான். லைசென்ஸ் கைக்கு வரட்டும்.

அடுத்த மாதம் எனக்குக் கல்யாணம். அதற்கு அப்புறம் இருவரும் பைக்கில் ஏற்காடு போகலாம் என்கிறார். நான் பைக்கில் பின்னால் உட்கார்ந்ததே இல்லை. வளைவில் நான் எந்தப் பக்கம் சாய வேண்டும்?
– வாசகி, தர்மபுரி

பின்னால் உட்காருபவர் இப்படிக் கேட்டு எழுதுவது எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஏனென்றால் நீங்கள் சும்மா உட்கார்ந்து போகிற ஆள் இல்லை, உங்கள் உடம்பும் சேர்ந்துதான் அந்த வண்டியை ஓட்டுகிறது.

பதில் எளிது: நீங்களாக எந்தப் பக்கமும் சாய வேண்டாம், வண்டி சாய்கிற பக்கம் அதோடு போங்கள். பயந்தவர்கள் செய்வது இதற்கு நேர் எதிர். வண்டி இடது பக்கம் சாய்ந்தால் விழுந்துவிடுவோமோ என்று வலது பக்கம் உடம்பை இழுப்பார்கள். அப்போது வண்டி திரும்ப மறுக்கும், வளைவை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். இதற்கு நான் சொல்லித்தரும் வழி ஒன்று: இடது வளைவு என்றால் அவருடைய இடது தோளுக்கு மேலே பாருங்கள், வலது வளைவு என்றால் வலது தோளுக்கு மேலே. பார்வை போகிற பக்கம் உடம்பு தானாகப் போகும்.

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பின்பக்க எடையால் முன் சக்கரம் லேசாகும். அதனால் பின்னால் தள்ளி உட்காராமல் அவரை ஒட்டி உட்காருங்கள். வளைவின் நடுவில் கியர் மாற்றாமல், நுழைவதற்கு முன்பே குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இறங்கும்போது நீங்கள் அவர் முதுகின் மேல் சரிவீர்கள். அந்தப் பாரத்தை அவர் கையில் தாங்கினால் ஹேண்டில்பார் இறுகிவிடும். ஒரு கையால் பின் கம்பியைப் பிடித்துத் தொடையால் சீட்டை இறுக்குங்கள். அவரும் இரண்டாவது, மூன்றாவது கியரில் இன்ஜினின் பிடிப்பிலேயே இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு குறையும். நியூட்ரலில் உருட்டிக்கொண்டு இறங்குவது வேண்டவே வேண்டாம்.

இன்னும் சில. ஏறுவதும் இறங்குவதும் இடது பக்கமாக. பெரும்பாலான பைக்குகளில் சைலன்சர் வலது பக்கம் இருக்கிறது, கெண்டைக்காலில் பட்டால் தழும்பு வருஷக்கணக்கில் போகாது. அவர் "இறங்கு" என்று சொல்லும்வரை இறங்காதீர்கள். பிரேக் போடும்போது உங்கள் ஹெல்மெட் அவர் ஹெல்மெட்டில் "டக்" என்று முட்டினால் அது உங்கள் குற்றம் இல்லை. அவர் பிரேக்கை மென்மையாக்க வேண்டும் என்று அர்த்தம். அதை வாய்விட்டுச் சொல்லுங்கள். வேகம் அதிகமாகத் தோன்றினாலும் சொல்லுங்கள். கல்யாணமான புதிதில் சொல்லத் தயங்குவீர்கள், தெரியும். கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்: தோளில் இரண்டு தட்டு தட்டினால் ஓரமாக நிறுத்த வேண்டும், ஏன் என்று அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

மூன்று வயது மகனைப் பின்னால் உட்கார வைத்துப் போகலாமா? அவனுக்கும் ஹெல்மெட் வேண்டுமா?
– வாசகர், கரூர்

2022-ல் அறிவித்து 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த விதிப்படி, நான்கு வயதுக்கு உட்பட்ட குழந்தையை ஓட்டுபவரோடு சேர்த்துக் கட்டும் பாதுகாப்புப் பட்டை கட்டாயம். ஒன்பது மாதத்துக்கு மேல் என்றால் ஹெல்மெட்டும் வேண்டும். வேகம் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் கூடாது. நான்கு வயதுக்கு மேல் எல்லோருக்கும், முன்னால் பின்னால் என்ற வேறுபாடு இல்லாமல், ஹெல்மெட் சட்டம். ஐ.எஸ்.ஐ. முத்திரை, தலைக்குச் சரியான அளவு, தாடைக்குக் கீழே மாட்டிய பட்டை, மூன்றும் இருந்தால்தான் அது ஹெல்மெட். நல்லதை நீங்கள் போட்டுக்கொண்டு, பட்டை அறுந்த பழையதை வீட்டுக்காரம்மாவுக்குக் கொடுக்காதீர்கள்.

ஸ்கூட்டர் ஓட்டப் பழகி லைசென்ஸும் வாங்கிவிட்டேன். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து நான்தான் அவரை அழைத்துப் போகிறேன். சிக்னலில் நின்றால் இரண்டு காலையும் ஊன்றுகிறார், வழியெல்லாம் "பிரேக், பிரேக்" என்கிறார். எனக்கு அழுகை வருகிறது, அக்கா.
– வாசகி, ஈரோடு

அழாதீர்கள். உங்கள் அப்பாவுக்கு உங்கள் மேல் நம்பிக்கை இல்லை என்று நினைக்க வேண்டாம். இத்தனை வருஷம் அவர்தான் உங்களைப் பின்னால் வைத்து ஓட்டினார். அவர் காலும் கையும் இன்னும் ஓட்டிக்கொண்டே இருக்கின்றன. என்னிடம் பழகும் பெண்களில் நிறைய பேருக்கு முதல் பயணி அப்பாவோ கணவரோதான். இந்தத் தொல்லை எல்லா வீட்டிலும் இருக்கிறது.

ஆனால் காலை ஊன்றுவது உண்மையிலேயே ஆபத்து. அவர் ஒரு பக்கம் உந்தினால் வண்டி மறுபக்கம் உங்கள் மேல் சாயும். நீங்கள் நகரும்போது அவர் கால் தரையில் இருந்தால் ஃபுட்ரெஸ்டில் இடிபடும். இதை ரோட்டில் வைத்துச் சொல்லாதீர்கள், நாலு பேர் முன்னால் அவருக்குக் கோபம் வரும். வீட்டு வாசலில், இன்ஜின் போடாமல், ஸ்டாண்டை எடுத்துவிட்டு நீங்கள் உட்காருங்கள். அவரை ஏறச் சொல்லுங்கள். "அப்பா, காலை மேலேயே வைங்க, நான் மட்டும் ஊன்றிக் காட்டறேன்" என்று சொல்லி அப்படியே கொஞ்ச நேரம் நில்லுங்கள். வண்டி அசையாமல் நிற்பதை அவர் உடம்பு உணர வேண்டும், வாய்ப்பேச்சு அதற்குப் பிறகுதான். உங்கள் கால் தரையில் முழுதாகப் பதியவில்லை என்றால் சீட்டில் இன்னும் முன்னால் நகர்ந்து உட்காருங்கள். ஃபுட்ரெஸ்டை அவர் ஏறும் முன் நீங்களே விரித்துவிடுங்கள். வேட்டி என்றால் மடித்துக் கட்டி இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும், நுனி எதுவும் தொங்கக் கூடாது.

"பிரேக்" என்று கத்துவதற்கு மருந்து, அவர் சொல்வதற்கு முன் நீங்கள் சொல்லிவிடுவது. "முன்னாடி ஆட்டோ நிக்குதுப்பா, குறைக்கறேன்." நீங்களும் பார்த்துவிட்டீர்கள் என்று தெரிந்தால் அவர் குரல் தானாக அடங்கும். முன்னால் போகும் வண்டிக்கும் உங்களுக்கும் இப்போது விடுவதைப் போல இரண்டு மடங்கு இடைவெளி விடுங்கள். கண் ஆபரேஷன் ஆனவர் என்பதால், தூசி படாமல் கண்ணாடி மூடிய ஹெல்மெட் போடலாமா, எப்போதிலிருந்து வண்டியில் போகலாம் என்று அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மழையில் பின்னால் இருப்பவர் குடை பிடிக்கலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

வேண்டவே வேண்டாம். ஓடும் வண்டியில் விரித்த குடையைக் காற்று பின்னால் இழுக்கும், பிடித்திருப்பவரும் அதோடு போவார். ஒரு கை குடைக்குப் போனால் கம்பியைப் பிடிக்க மீதி ஒரு கைதான். மழை பிடித்ததும் ரோட்டில் கிடக்கும் எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும், அந்த நேரத்தில் ஒரு கடையோரம் ஒதுங்கி நில்லுங்கள். சீட்டுக்கு அடியில் ஒன்றுக்கு இரண்டு மழைக்கோட்டு வைத்திருங்கள். பின்னால் இருப்பவர் அணிவது பேன்ட்டும் சட்டையுமாக இருக்கட்டும். நீள அங்கி என்றால் அதன் ஓரத்தைத் தொடைக்கு அடியில் மடக்கி உட்காரச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.