கப்பை மாற்ற வேண்டாம், தராசு வாங்குங்கள்

கேள்வி: வீட்டில் கேக் செய்து பழகி வருகிறேன். அமெரிக்கச் சமையல் வீடியோக்களில் சொல்கிறபடி கப் அளவில் மைதா போட்டால் கேக் வறண்டு, கெட்டியாக வருகிறது. நான் வாங்கிய மெஷரிங் கப்பில் 250 மி.லி. என்று இருக்கிறது, அமெரிக்கக் கப் 240 என்கிறார்கள். பக்கத்து வீட்டு அக்காவோ, ஒரு கப் என்றால் எதுவானாலும் 250 கிராம்தான் என்கிறார். வேறு கப் செட் வாங்கட்டுமா? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: வேண்டாம். உங்கள் கப்பில் குறை இல்லை. 240-க்கும் 250-க்கும் நூற்றுக்கு நாலுதான் வித்தியாசம். மாவு, சீனி, பால், எண்ணெய் எல்லாவற்றையும் ஒரே கப்பால் அளந்தால் விகிதம் மாறாது. முட்டை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அதனால் கேக் கெட்டுவிடாது.

கெடுப்பது மைதாவை அள்ளுகிற விதம். கப்பை டப்பாவுக்குள் விட்டு அழுத்தி அள்ளித் தட்டி நிரப்பினால், ஒரு கப்பில் 150 கிராம் வரை ஏறிவிடும். அதே மைதாவைக் கிளறிவிட்டு, கரண்டியால் மெல்லப் போட்டு, கத்தி முதுகால் வழித்துவிட்டால் 120, 125 கிராம்தான். இரண்டு கப் கேட்கிற கேக்கில் 50 கிராம் மைதா கூடினால் வறளாமல் என்ன செய்யும்? படியிலும் ஆழாக்கிலும் அளந்து பழகியவர்கள் நாம். அரிசிக்கு அது சரி, அரிசி அமுங்காது. மாவு அமுங்கும்.

அக்கா சொன்ன 250 கிராம் தண்ணீருக்குத்தான் பொருந்தும், அதுவும் உங்கள் 250 மி.லி. கப்பில். அமெரிக்கக் கப்பில் சீனி சுமார் 200 கிராம், பால் 245, எண்ணெய் 220, தேன் 340, கோகோ பவுடர் வெறும் 85. தேனும் கோகோவும் ஒரே கப்தான், எடையில் நாலு மடங்கு வித்தியாசம்! ஒரு ஸ்டிக் வெண்ணெய் என்று அவர்கள் சொல்வது 113 கிராம். கடையில் கிடைக்கும் 100 கிராம் பாக்கெட்டை அப்படியே போட்டால் குறையும்.

ஆகவே கப்புக்குச் செலவழிக்கிற பணத்தில் ஒரு டிஜிட்டல் கிச்சன் தராசு வாங்குங்கள். ஒவ்வொரு கிராமாகக் காட்ட வேண்டும், 5 கிலோ தாங்க வேண்டும், பாத்திர எடையைக் கழிக்கிற 'டேர்' பட்டன் இருக்க வேண்டும். எத்தனை நிமிடத்தில் தானாக அணைகிறது என்று கேளுங்கள். மாவு சலிக்கிற நேரத்தில் அணைந்துவிட்டால் போட்ட கணக்கெல்லாம் போயிற்று. மி.லி. காட்டும் பட்டனை நம்பி எண்ணெய் அளக்காதீர்கள். அது தண்ணீர்க் கணக்கு. 200 என்று காட்டும்போது எண்ணெய் கிட்டத்தட்ட 218 மி.லி. விழுந்திருக்கும். வாங்கியதும் பத்து 10 ரூபாய் நாணயங்களைச் சேர்த்து வையுங்கள். 77 கிராமை ஒட்டிக் காட்டினால் சரி. நாலைந்து கிராம் தள்ளினால் பில்லோடு போய் மாற்றுங்கள்.

பேக்கிங் பவுடர், சோடா, உப்புக்குக் கரண்டியே போதும். அவ்வளவு சிறிய எடையை இந்தத் தராசு சரியாகக் காட்டாது. தேக்கரண்டி 5 மி.லி., மேசைக்கரண்டி 15. ஆஸ்திரேலியக் குறிப்பாக இருந்தால் மேசைக்கரண்டி 20.

கேள்வி: அரைக் கிலோ, ஒரு கிலோ என்று கேக் விற்கத் தொடங்கினால் இதே தராசு போதுமா?

பதில்: போதாது. விற்பனைக்கு எடை போடும் தராசு 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி சரிபார்த்து முத்திரையிடப்பட்டிருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இதைத் தொழிலாளர் துறை கவனிக்கிறது. கிச்சன் தராசு வீட்டு உபயோகத்துக்கு மட்டுமே. இன்னொன்று: அட்டைப் பெட்டியும் அடியில் வைக்கிற கேக் போர்டும் எடையில் சேரக் கூடாது. போர்டை முதலில் வைத்து டேர் அழுத்திவிட்டு, பிறகு கேக்கை வையுங்கள்.