28-வது ஓட்டத்தில் நின்றுவிடுகிறேன்!

கேள்வி: கல்லூரி அணியில் கால்பந்து ஆடியவள். வயது 23. ஆண்கள் ஆட்டங்களுக்கு நடுவராக வேண்டும் என்பது ஆசை. விதிமுறைகள் தெரியும். ஃபிஃபா ஓட்டத் தேர்வைத்தான் தோழிகளோடு ஓடிப் பார்க்கிறேன். முதல் பத்து ஓட்டங்களை 13 வினாடியில் முடித்துவிடுகிறேன். ஆனாலும் 28-வது ஓட்டத்தில் கால் கல்லாகி நின்றுவிடுகிறேன். குள்ளமாக வேறு இருக்கிறேன். எனக்கு இது சரிப்படுமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அந்த 13 வினாடிதான் உங்களைக் கவிழ்க்கிறது. 75 மீட்டர் ஓட்டம், 25 மீட்டர் நடை, இப்படி 40 முறை. மொத்தம் 4,000 மீட்டர். சர்வதேசப் பெண் நடுவருக்கு ஓட 17 வினாடி, நடக்க 20 வினாடி. ஆண்களுக்கு 15, 18. முந்திப் போனால் மதிப்பெண் கூடாது, தொடைதான் இறுகும். நீங்கள் மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேல் பாய்கிறீர்கள். 17 வினாடிக்கு 16 கிலோமீட்டர் வேகமே போதும்.

37.5 மீட்டரில் ஒரு கூம்பு வையுங்கள். அதை 8.5 வினாடியில் தாண்ட வேண்டும், அதற்கு முன்னால் அல்ல. 17, 20 வினாடி இடைவெளியில் விசில் ஊதிக் கைபேசியில் பதிவு செய்துகொண்டால் தோழிகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம். கோட்டில் சட்டென்று பிரேக் போடாதீர்கள், பின்தொடை பிடித்துக்கொள்ளும். விசிலுக்குள் ஒரு கால் நடைப் பகுதியில் பட்டால் போதும். வேகத்தை அதற்குள் தளர்த்தலாம். முழங்காலில் கையூன்றி நின்றுவிட்டு, கடைசியில் விழுந்தடித்து நடக்கவும் வேண்டாம். ஒருமுறை தவறினால் எச்சரிக்கை, மறுமுறை தவறினால் வெளியே.

முதல் வாரம் 16 ஓட்டம், அதாவது 400 மீட்டர் தடத்தில் நான்கு சுற்று. வாரம் ஒரு சுற்று கூட்டினால் ஏழாவது வாரம் பத்துச் சுற்றும் வந்துவிடும். அதன்பின் 15, 18-க்கு மாறுங்கள். அங்கே மறுபடி ஆறு சுற்றிலிருந்து தொடங்க வேண்டும். கூம்பின் கணக்கு அப்போது 7.5 வினாடி. வாரத்துக்கு இரண்டு நாள் போதும், நடுவே இரண்டு நாள் இடைவெளி. தார்ச்சாலை வேண்டாம், கணுக்காலுக்கு மேலே எலும்பு வலிக்கும்.

ஆண்கள் கணக்குக்கு ஏன் மாறச் சொல்கிறேன் என்றால், ஐரோப்பாவில் ஆண்கள் ஆட்டத்தை நடத்தும் பெண்கள் ஆண்களுக்கான உடற்தகுதியைத்தான் எட்டியாக வேண்டும். பிரான்சின் ஸ்டெஃபனி ஃப்ராப்பார் அப்படித்தான் 2019-இல் லிவர்பூல் - செல்சி சூப்பர் கோப்பை ஆட்டத்தை நடத்தினார். 2022 டிசம்பர் 1 அன்று கத்தாரில் கோஸ்டாரிகா - ஜெர்மனி ஆட்டத்துக்கும் அவர்தான் நடுவர். ஆண்கள் உலகக் கோப்பையில் ஒரு பெண் விசில் ஊதியது அதுவே முதல் முறை. கொடி பிடித்த துணை நடுவர்கள் இருவரும் பெண்கள். அவர் உயரம் 164 சென்டிமீட்டர்தான், ஆகவே குள்ளம் என்ற பேச்சை விடுங்கள். அவ்வளவு தூரம் போவானேன்? ஃபிஃபா நடுவராகத் தேர்வான ரூபாதேவி உங்கள் திண்டுக்கல்காரர்தானே!

குறுகிய ஓட்டத்தை மறந்துவிடாதீர்கள். நீங்கள் அதைப் பற்றி எழுதவேயில்லை. 40 மீட்டர், ஆறு முறை, பெண்களுக்கு 6.4 வினாடி, ஆண்களுக்கு 6.0. இதைத்தான் முதலில் வைப்பார்கள். ஒன்றில் தவறினால் இன்னொரு வாய்ப்பு உண்டு, இரண்டில் தவறினால் 75 மீட்டருக்கே போக முடியாது. இதற்கென வாரத்தில் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கால் மணி நேரமாவது உடம்பைச் சூடாக்காமல் தொடங்க வேண்டாம்.

இவ்வளவும் செய்து, வேகத்தையும் அடக்கி, அப்படியும் 28-இலேயே நின்றால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்தால் பயிற்சியைக் கூட்டிப் பயனில்லை, முதலில் மருத்துவரைப் பாருங்கள்.