ஏரி மறுபடி பச்சையாவது பற்றி

உங்கள் குழு வருடாவருடம் ஆகாயத்தாமரையை அள்ளியும் முதல் மழைக்கப்புறம் ஏரி பாசி பிடித்துப் பச்சையாகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் உழைப்பு வீண் இல்லை. அள்ளியதைக் கரையிலேயே குவிக்காமல் தள்ளிக் கொண்டுபோய்ப் போட்டால் செடியோடு சத்தும் வெளியேறும். ஆனால் புதிதாகச் சத்து வருவது நிற்கவில்லையே!

பாசிக்குத் தீனி பெரும்பாலும் உரத்திலும் கழிவுநீரிலும் இருக்கும் பாஸ்பரஸ் என்ற சத்துதான். வயலிலிருந்து வருவதில் பெரும்பகுதி மண்துகளில் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் பலத்த மழை பெய்யும்போதே, ஏரியில் விழும் ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து வரிசையாக வையுங்கள். அடியில் எதில் அதிக வண்டல் படிகிறதோ, அந்த வாய்க்காலோடு மேலே நடந்து போங்கள். அரித்த கரையோ, ஓரம்வரை உழுத வயலோ கண்ணில் படும். மழையில்லாத நாளிலும் நாற்றத்தோடு ஓடினால் அது கழிவுநீர்; அதற்கு உள்ளாட்சியைத்தான் பிடிக்க வேண்டும்.

வயலோரத்தில் அடர்ந்த புல்பட்டை வளர்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் அதில் பரவி மெதுவாகப் போக வேண்டும். நடுவில் ஓடை வெட்டிக்கொண்டால் பட்டை இருந்தும் பயனில்லை. மழைக்கு முந்தின நாள் உரம் போடாதிருப்பதற்குச் செலவே இல்லை, அதை முதலில் பேசுங்கள்.

இன்னொன்று, ஏரிச் சேற்றில் ஏற்கெனவே சேர்ந்த பாஸ்பரஸ் வருடக்கணக்கில் கசிந்துகொண்டே இருக்கும். உடனே தெளியவில்லை என்று குழுவைக் கலைத்துவிடாதீர்கள்.