உபுண்டு சிந்தனை ஒருபாலுறவை மறுக்கிறதா?

"நாம் இருப்பதால் நான் இருக்கிறேன்" என்னும் உபுண்டு என்ற ஆப்பிரிக்கச் சிந்தனையில் ஒருபாலுறவுக்கு இடமே இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். இடம் உண்டு என்றே நான் நினைக்கிறேன்.

மறுப்பவர்களின் வாதம் பெரும்பாலும் பிள்ளைப்பேற்றில் தொடங்குகிறது. கென்யாவின் சிந்தனையாளர் ஜான் எம்பிட்டி 1969-இல் எழுதியபடி, திருமணமும் பிள்ளைப்பேறும் பிரிக்க முடியாதவை. இறந்தோரும் இருப்போரும் இனிப் பிறப்போரும் கூடும் இடம் திருமணம். நைஜீரிய மெய்யியலாளர் இஃபியானி மென்கிட்டி 1984-இல் இன்னும் ஒரு படி போனார்: பிறந்ததாலேயே ஒருவர் முழு மனிதராவதில்லை, சமூகக் கடமைகளை ஆற்றித்தான் ஆகிறார். அப்படியென்றால் பிள்ளை பெறாதவர் குறை மனிதரா? இந்தக் கேள்வி என்னை மிகவும் உறுத்துகிறது.

கானாவின் மெய்யியலாளர் குவாமே ஜெச்சே தரும் பதில் எனக்கு வலுவாகப் படுகிறது. சமூகம் மனிதரை உருவாக்குகிறது, ஆனால் முழுவதுமாக அல்ல. தேர்ந்தெடுக்கும் திறனும் உரிமைகளும் அவருக்கு உண்டு. பிள்ளை வளர்ப்பதும் பெற்றவரின் வேலை மட்டுமில்லை; அத்தை, மாமன், அண்டை வீட்டார் எல்லோருடைய பொறுப்பும்தான். ஆகவே பிள்ளை பெறாதவரும் அந்தக் கடமையை ஆற்றலாம்.

தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1993-இன் இடைக்கால அரசியலமைப்பு உபுண்டுவைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. பாலியல் நாட்டம் காரணமாகப் பாகுபடுத்தக் கூடாது என்பதும் அதிலேயே இருந்தது. உபுண்டுவை உலகறியப் பேசிய பேராயர் டெஸ்மண்ட் டூட்டு, ஒருபாலீர்ப்பாளர்களுக்காகவும் வெளிப்படையாகக் குரல் கொடுத்தவர்.